பரிசலில் ஓடுமா உங்கள் செயலி?

பென்னாகரத்திலிருந்து தெற்கே இறங்கி ஏரியூரைத் தாண்டினால், தர்மபுரி மாவட்டம் தண்ணீரில் போய் முடிகிறது. நாகமறையில் படகேறினால் அக்கரை பண்ணவாடி, அது சேலம் மாவட்டம். நடுவில் இருப்பது மேட்டூர் அணையின் நீர்த்தேக்கம். அணை நிறைந்திருக்கும்போது பார்த்தால் வெறும் நீர்ப்பரப்பு. மட்டம் நன்றாக இறங்கும் வருடங்களில்தான் பண்ணவாடிப் பக்கம் பழைய கோயிலின் நந்தியும் தேவாலயக் கோபுரமும் தலைகாட்டும். 1934-ல் அணை கட்டி முடிந்தபோது ஊரைக் காலி செய்தவர்கள் விட்டுவிட்டுப் போனவை அவை.

கைப்பேசிச் செயலிகளைப் பற்றி எழுத உட்கார்ந்தவனுக்கு நந்தி எதற்கு என்று கேட்கலாம். பெங்களூருவில் ஏசி அறையில், அலுவலக வைஃபையில், புதுப் போனில் திறந்து காட்டும்போது எல்லாச் செயலியும் நிறைந்த அணைதான். சிக்னல் வற்றும் ஊரில், ஐந்து வருடம் பழகிய போனில் திறக்கும்போதுதான் அடியில் என்ன கிடக்கிறது என்று தெரியும். குறைந்த செலவில் நல்ல செயலி செய்ய முடியுமா என்று கேட்பவர்கள் ஏரியூர் மாதிரி ஒரு ஊரிலிருந்து கணக்கைத் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. பணம் எங்கே வீணாகிறது என்பதும் தரம் எங்கே குறைகிறது என்பதும் இங்கே ஒரே இடத்தில் தெரிகின்றன.

"ஒரு ஆப் பண்ண எவ்வளவு ஆகும்?" என்று கேட்பது கல்யாணத்துக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்பதைப் போல. தாலிக்கும் பத்திரிகைக்கும் ஆகிற செலவு எல்லார் வீட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். பந்தியில் எத்தனை பேர், இலையில் எத்தனை வகை என்பதில்தான் கடன் ஏறுகிறது. செயலிக்கும் அப்படியே. கடையில் வைப்பதற்குக் கூகுள் பிளே கேட்பது ஒரே ஒரு முறை 25 டாலர். ஆப்பிள் வருடத்துக்கு 99 டாலர் கேட்கிறது. லட்சங்கள் போவது இலையில் பரிமாறும் வகைகளுக்கு.

ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஏரியூர்ப் பக்கத்து ஊர் ஒன்றில் பால் சொசைட்டி இருக்கிறது. காலையும் மாலையும் கேனோடு வந்து ஊற்றுகிறார்கள். அளவு, கொழுப்பு, எஸ்.என்.எஃப் (கொழுப்பு தவிர்த்த திடப்பொருள்) பார்த்து அட்டையில் எழுதுகிறார்கள். குறிப்பிட்ட நாளைக்கு ஒருமுறை பட்டுவாடா. "நேற்று சாயந்திரம் எனக்கு எத்தனை லிட்டர் போட்டீங்க? கொழுப்பு ஏன் இறங்குச்சு? பணம் எப்ப ஏறும்?" உறுப்பினர் கேட்பது இந்த மூன்றே கேள்வி. செயலி செய்து தருகிறவரிடம் சங்கம் போனால், அவர் நீட்டும் விலைப்பட்டியலில் முகநூல் வழியாக உள்ளே வரும் வசதி, உறுப்பினர்களுக்குள் அரட்டை, தீவனக் கடை, வரைபடம், இரண்டு நிறத் தோற்றம், ஐபோனுக்குத் தனிச் செயலி எல்லாம் இருக்கும். இப்போது கூடுதலாக ஏ.ஐ. உதவியாளர் ஒருவரும் உண்டு. இவற்றில் ஒன்றுகூட அந்த மூன்று கேள்விக்குப் பதில் சொல்லாது. ஆனால் ஒவ்வொன்றையும் எழுத வேண்டும், சோதிக்க வேண்டும், ஆண்ட்ராய்டு வருடாவருடம் மாறும்போது கூடவே மாற்ற வேண்டும். செய்து முடித்த செயலியைப் பராமரிக்க ஆண்டுக்கு முதல் செலவில் 15 முதல் 20 சதவீதம் ஒதுக்கச் சொல்வது இந்தத் தொழிலின் வழக்கம். தேவையில்லாத வசதி கறக்காத மாடு மாதிரி. தீவனம் மட்டும் தினமும் போட வேண்டும்.

வெட்டிக்கொண்டே வந்தால் மூன்று திரை மிஞ்சும்: இன்றைய பால், இந்தத் தவணைக் கணக்கு, வந்த பணம். பட்டுவாடா நேராக வங்கிக் கணக்குக்குப் போய்விடுகிறது. ஆகவே பணம் வாங்கும் கேட்வே, அதன் கமிஷன் எதுவும் வேண்டாம். ஊற்றுகிறவர்கள் கையில் பெரும்பாலும் ஆண்ட்ராய்டுதான். ஆப்பிளுக்கான செலவு முழுதாக மிச்சம். இப்படி மிச்சமாவதில் ஒரு பங்கை ஒரே ஒரு இடத்தில் தாராளமாகக் கொட்ட வேண்டும்: சிக்னல் இல்லாதபோதும் செயலி வேலை செய்ய வேண்டும்.

அதற்கான கருவி இலவசமாகவே கிடைக்கிறது. எஸ்.க்யூ.லைட் என்ற சிறிய தரவுத்தளம் ஏறக்குறைய எல்லாப் போனுக்குள்ளும் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. ரிச்சர்ட் ஹிப் என்ற அமெரிக்கர் 2000-ல் எழுதியது. அமெரிக்கக் கடற்படைப் போர்க்கப்பலுக்கான ஒரு மென்பொருள் வேலையின்போது, சர்வர் நின்றுபோனாலும் நிரல் நிற்கக் கூடாது என்ற தேவையிலிருந்து அவருக்கு அந்த எண்ணம் வந்தது. பதிப்புரிமையே வேண்டாம் என்று பொதுச்சொத்தாக விட்டுவிட்டார். கடைசியாகச் சிக்னல் கிடைத்தபோது வந்த கணக்கைப் போனிலேயே சேமித்து வைத்துக் காட்டலாம். அடுத்த முறை சிக்னல் வரும்போது புதுக் கணக்கு தானாக வந்து சேரும். போர்க்கப்பலுக்கு யோசித்தது பால் சொசைட்டிக்கும் உதவுகிறது, ஒரு பைசா உரிமத்தொகை இல்லாமல்.

புகைப்படத்தைப் புகைப்படம் எடுத்த கதை

இந்தத் தாராளத்தைக் காட்டாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நாடறிந்த பாடம் இருக்கிறது. ஊராட்சி ஒன்றியங்களில் நூறு நாள் வேலைக்குப் போனவர்களுக்கு அந்தப் பாடத்தை விளக்க வேண்டியதில்லை. என்.எம்.எம்.எஸ். என்ற வருகைப்பதிவுச் செயலியை ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகம் 2021-ல் கொண்டுவந்தது. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் 2022 மே மாதத்திலிருந்தும், எல்லா இடங்களிலும் 2023 ஜனவரி 1-லிருந்தும் அது கட்டாயமானது. பணித்தளப் பொறுப்பாளர் ஒரு நாளைக்கு இரண்டு முறை தொழிலாளர்களைப் படம் எடுத்து, இடக்குறியோடு ஏற்ற வேண்டியிருந்தது. முறைகேட்டைத் தடுப்பது நோக்கம்.

நடந்தது வேறு. சிக்னல் கிடைக்கவில்லை, சர்வர் திறக்கவில்லை, படம் ஏறவில்லை என்று பல மாநிலங்களிலிருந்து புகார் குவிந்தது. ஏறாத படம் என்றால் வெயிலில் மண் வெட்டியவருக்கு அன்றைய கூலி கேள்விக்குறி. முறைகேடும் நிற்கவில்லை. 2025 ஜூலையில் அமைச்சகமே மாநிலங்களுக்கு எழுதிய சுற்றறிக்கையில், வேலைக்குச் சம்பந்தமில்லாத படங்கள் ஏற்றப்படுகின்றன, நேரில் எடுக்காமல் புகைப்படத்தையே புகைப்படம் எடுத்து ஏற்றுகிறார்கள் என்று பட்டியல் போட்டது. மருந்து என்ன தெரியுமா? ஊராட்சி அளவில் எல்லாப் படங்களையும் மனிதர்கள் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும்! முறைகேட்டைத் தடுக்க வந்த செயலி, ஆளுக்குப் புது வேலையைக் கொடுத்துவிட்டுப் போனது. செயலியின் விலையை அதை எழுத ஆன செலவில் மட்டும் பார்க்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். கூலி போனவரின் பேருந்துக் கட்டணம், மனு எழுதிய நேரம், சரிபார்க்கும் ஊழியரின் மணிக்கணக்கு எல்லாமே அதன் விலைதான். ஒப்பந்தத்தில் அவை எழுதப்படுவதில்லை, அவ்வளவே.

அங்கன்வாடிகளுக்கு 2021-ல் வந்த போஷன் டிராக்கர் என்ற ஊட்டச்சத்துப் பதிவுச் செயலியும் இதே பாதையில்தான் போனது. மகாராஷ்டிர அங்கன்வாடி ஊழியர்கள், திணறும் போனையும் ஆங்கிலத்தில் இருந்த செயலியையும் எதிர்த்து, அரசு கொடுத்த போன்களையே திருப்பிக் கொடுத்தார்கள்.

சின்னக் கூட்டம், பெரிய வேலை

சிக்கனம் என்றதும் குறைந்த சம்பளத்துக்கு ஆள் தேடுவதுதான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. மலிவான ஆள் பத்துப் பேரை வைப்பதைவிட, தெரிந்த ஆள் மூன்று பேரை வைப்பது மொத்தத்தில் மலிவு. தாமதமாகும் மென்பொருள் வேலையில் மேலும் ஆட்களைச் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று கணினி அறிஞர் ஃபிரெட் புரூக்ஸ் 1975-லேயே புத்தகம் எழுதிவிட்டார். பந்தியில் பரிமாற ஆள் கூடினால் வேகம் கூடும். சாம்பார் வைக்க ஐந்து பேர் சேர்ந்தால் உப்பு ஐந்து முறை விழும்.

பெங்களூருவின் செரோதா பங்குத்தரகு நிறுவனம் அதற்கு நல்ல சாட்சி. ஒரு கோடிக்கு மேல் வாடிக்கையாளர்கள் உள்ள அந்த நிறுவனத்தின் தொழில்நுட்ப அணியில் இருப்பவர்கள் சுமார் 30 பேர். தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி கைலாஷ் நாத் கட்டற்ற மென்பொருளின் தீவிர ஆதரவாளர். விலைக்கு வாங்குவதைவிடத் திறந்த மூலக் கருவிகளை வைத்துக் கட்டிக்கொள்வதே அங்கே கொள்கை. அவர்களுடைய கைட் செயலியை ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் தனித்தனியாக எழுதிப் பார்த்து, பிறகு ரியாக்ட் நேட்டிவ் என்ற பொதுக் கருவிக்கு மாறி, கடைசியில் ஃபிளட்டரில் நிலைத்தார்கள். கூகுள் 2018 டிசம்பரில் முதல் முழுப் பதிப்பாக வெளியிட்ட ஃபிளட்டரில் ஒரு முறை எழுதினால் இரண்டு வகைப் போனுக்கும் ஆகும். அதற்காக எல்லாரும் அதற்கே மாறிவிட வேண்டும் என்றில்லை. ஏர்பிஎன்பி 2018-ல் ரியாக்ட் நேட்டிவை விட்டுவிட்டுப் பழையபடி தனித்தனியாக எழுதப் போனது. கருவியை ஊர்ப் பேச்சைக் கேட்டு எடுக்கக் கூடாது. தன் கூட்டத்துக்கு எது கை பழகியதோ அதை எடுக்க வேண்டும்.

2014-ல் ஃபேஸ்புக் 1,900 கோடி டாலர் கொடுப்பதாகச் சொல்லி வாங்கியபோது வாட்ஸ்அப்பில் வேலை பார்த்தவர்கள் 55 பேர், பயன்படுத்தியவர்கள் 45 கோடி. விளம்பரம் இல்லை, விளையாட்டு இல்லை. பட்டன் வைத்த நோக்கியா போனிலும் ஓடியது. நம் ஊர்களில் படிப்பு வாசனை இல்லாத பாட்டிகூட வாட்ஸ்அப்பில் பேரனின் குரலைக் கேட்கிறாள் என்றால், வேண்டாம் என்று ஒதுக்கியவற்றுக்கு அதில் பெரும் பங்கு உண்டு.

தமிழ்நாட்டில் இந்தப் பேச்சு ஸோஹோவைத் தொடாமல் முடியாது. ஸ்ரீதர் வேம்புவின் நிறுவனம் தென்காசி அருகே மத்தளம்பாறையில் 2011-ல் அலுவலகம் போட்டது. ஸோஹோ டெஸ்க் என்ற வாடிக்கையாளர் சேவை மென்பொருள் அங்கேதான் வளர்ந்தது. பிளஸ் டூவும் டிப்ளமோவும் முடித்தவர்களை உதவித்தொகை கொடுத்துப் பயிற்றுவிக்கும் பள்ளியை 2005 வாக்கில் ஆறு மாணவர்களோடு தொடங்கினார்கள். நகர வாடகை, நகரச் சம்பளப் போட்டி இரண்டிலிருந்தும் தப்பித்துத் தரத்தைக் காப்பாற்ற இது ஒரு வழி. ஆனால் பல வருடம் பொறுத்திருக்கப் பணமும் மனசும் வேண்டும். தர்மபுரி மாவட்டத்துப் பிள்ளைகள் ஓசூருக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறுவதைப் பார்க்கும்போது, மத்தளம்பாறைக்கு அமைந்தது பென்னாகரத்துக்கு ஏன் அமையவில்லை என்று தோன்றாமல் இல்லை. அது வேறு கட்டுரை.

அதே ஸோஹோவின் 'அரட்டை' என்ற செய்திச் செயலியிடமிருந்து எதைத் தள்ளிப்போடலாம், எதைத் தள்ளிப்போடக் கூடாது என்று கற்றுக்கொள்ளலாம். 2021-ல் வந்து அமைதியாக இருந்த அது, 2025 செப்டம்பர் இறுதியில் திடீரென்று பற்றிக்கொண்டது. நாளொன்றுக்கு 3,000 பேர் சேர்ந்துகொண்டிருந்த இடத்தில் மூன்றே நாளில் 3,50,000 பேர் சேரத் தொடங்கியதாக வேம்பு சொன்னார். சர்வர் திணறியது, ஓ.டி.பி. தாமதமானது. அதை யாரும் பெரிதாகக் குறை சொல்லவில்லை. நூறு மடங்கு கூட்டத்துக்கு முன்கூட்டியே சர்வர் வாங்கி வைப்பது வீண் செலவு. குறை வந்தது, எழுத்துச் செய்திகளுக்கு முழு மறையாக்கம் அப்போது இல்லை என்பதில். அழகும் வசதியும் அடுத்த பதிப்பில் வரலாம். பூட்டு முதல் நாளே இருக்க வேண்டும்.

பால் சொசைட்டிக்கும் பூட்டு உண்டு. 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் விதிக்கும் அபராதத்தின் உச்சம் 250 கோடி ரூபாய். ஆதார் எண், பிறந்த தேதி, குடும்பப் படம் என்று தேவையில்லாமல் வாங்கி அடுக்கினால் அதையெல்லாம் காப்பாற்றும் செலவும் சேரும். வாங்காத தகவலைத் திருட முடியாது.

எல்லாருமே தங்கள் செயலியைத் தாங்களே கட்ட வேண்டுமா என்பது இன்னொரு கேள்வி. 2022 நவம்பரில் பெங்களூருவில் வந்த நம்ம யாத்ரி ஆட்டோ செயலியின் மூல நிரல் திறந்தே கிடக்கிறது. ஓட்டுநரிடம் சவாரிக்குச் சவாரி கமிஷன் பிடிக்காமல், நாளைக்கு 25 ரூபாய் என்ற அளவில் சந்தா வாங்கும் முறையை அது கொண்டுவந்தது. கொல்கத்தாவில் மேற்கு வங்க அரசு யாத்ரி சாத்தி என்ற பெயரில் தொடங்கிய செயலியும் அதே அடித்தளத்தில் எழுந்ததுதான். ஒரு ஊர் கொடுத்த செலவு இன்னொரு ஊருக்கும் உதவியது. இத்தனை பால் சங்கங்கள் உள்ள மாநிலத்தில் ஒவ்வொரு சங்கமும் தனித்தனியாக ஆள் பிடித்துத் தனித்தனியாக ஏமாறத் தேவையில்லை.

செயலியே தேவையா என்பது அதற்கும் முந்தைய கேள்வி. ஓலா 2017-ல் தன் இணையதளத்தையே செயலி போல நடந்துகொள்ளும்படி மாற்றியது. ஆண்ட்ராய்டு செயலி சுமார் 60 எம்.பி. இருந்த இடத்தில் இது தொடக்கத்தில் கேட்டது ஏறக்குறைய 200 கே.பி. இந்த வழியில் வண்டி பிடித்தவர்களில் 20 சதவீதம் பேர், முன்பு செயலியை நிறுவிப் பிறகு தூக்கியெறிந்தவர்கள். நினைவகம் நிறைந்துவிட்டது என்று போன் கத்தும்போது நாம் எதை அழிப்போம்? பேத்தியின் வீடியோவை நிச்சயமாக இல்லை. நானும் அப்படித்தான், போன மாதம்கூட மூன்று செயலிகளைக் காவு கொடுத்தேன்.

பட்டுவாடாவுக்கு எத்தனை எழுத்து?

இனி தமிழுக்கு வருவோம். பெருநகரத்து நிபுணர்கள் கணக்கில் எடுக்காத செலவு இங்கே ஒளிந்திருக்கிறது. ஆங்கிலக் குறுஞ்செய்தி ஒன்றில் 160 எழுத்துகள் அடங்கும். தமிழில் அனுப்பினால் 70 தான். அதிலும் நாம் ஐந்தெழுத்தாகப் படிக்கும் 'பட்டுவாடா' கணினிக் கணக்கில் ஒன்பது. ஒவ்வொரு புள்ளியும் ஒவ்வொரு துணைக்காலும் தனி எழுத்து. எழுபதைத் தாண்டினால் செய்தி இரண்டாகப் பிரியும், கட்டணமும் இரண்டாகும். நூற்றுக்கணக்கான உறுப்பினர்களுக்கு நாளைக்கு இரண்டு வேளை என்றால், வளவளவென்று எழுதிய ஒரு வாக்கியம் வருடம் முழுக்கக் காசு தின்னும். தகவலுக்குச் செயலியின் அறிவிப்பை வைத்துக்கொண்டு, கடவுச்சொல்லுக்கு மட்டும் குறுஞ்செய்தி அனுப்பினால் போதும். அந்தக் குறுஞ்செய்திக்கும் தொலைத்தொடர்பு நிறுவனங்களிடம் டி.எல்.டி. பதிவு வேண்டும், வாசகத்தை முன்கூட்டியே பதிய வேண்டும். அதற்கான நாட்களையும் திட்டத்தில் சேர்க்காவிட்டால் திறப்பு விழாவன்று ஓ.டி.பி. வராது.

திரையிலும் இதே கதை. ஆங்கிலத்துக்கு அளவெடுத்துத் தைத்த பொத்தானில் 'சமர்ப்பிக்கவும்' என்று திணித்தால் 'சமர்ப்பி' வரை தெரியும், மீதி வெளியே நிற்கும். கொம்பும் சுழியும் மேலும் கீழும் வெட்டுப்படும். மொழிபெயர்ப்பைக் கடைசி வாரத்துக்கு ஒதுக்குகிறவர்களுக்கு இது எப்போதும் நடக்கும். முதல் நாளே தமிழில் வரைந்தால் 'அனுப்பு' என்று எழுதத் தோன்றும். அதற்குக் கூடுதல் செலவு இல்லை.

சோதனைக்கும் பெரிய பணம் வேண்டாம். ஐந்து பேரிடம் கொடுத்துப் பார்த்தாலே பயன்பாட்டுச் சிக்கல்களில் பெரும்பகுதி வெளிவந்துவிடும் என்று பயன்பாட்டு ஆய்வாளர் யாகோப் நீல்சன் 2000-ல் எழுதினார். பழைய போன் ஒன்று வாங்கி, பால் ஊற்ற வருகிறவர்கள் ஐந்து பேர் கையில் கொடுத்து, வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் நிற்க வேண்டும். வாயை மூடுவதுதான் கடினம். செய்தவருக்கு "அங்க அமுக்குங்கம்மா" என்று சொல்லாமல் இருக்க முடியாது. இப்போது கூகுளே ஒரு நிபந்தனை வைத்திருக்கிறது: 2023 நவம்பருக்குப் பிறகு தனிநபர் கணக்குத் தொடங்கியவர்கள், செயலியைப் பொதுவில் விடுமுன் பலரைக் கொண்டு 14 நாள் தொடர்ந்து சோதிக்க வேண்டும். முதலில் 20 பேர் என்று இருந்தது, பிறகு 12 ஆனது. நண்பர்களின் கணக்கைச் சேர்த்துவிட்டுக் கண்துடைப்பாக முடிப்பவர்கள் அதிகம். அந்தப் பன்னிரண்டு பேரையும் சொசைட்டி வாசலிலேயே பிடிக்கலாம்.

கையெழுத்துப் போடுமுன் சங்கத்துச் செயலாளர் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. காசு கொடுத்துவிட்டதால் மூல நிரல் நமக்குச் சொந்தம் என்று நினைத்துக்கொள்கிறோம். 1957-ன் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு இருக்கும் ஊழியர் எழுதினால்தான் அது முதலாளியுடையது. வெளியாள் எழுதிக் கொடுத்தால், எழுத்துப்பூர்வமாக மாற்றித் தராதவரை உரிமை அவரிடமே இருக்கும். மாற்றித் தந்தாலும் காலத்தைக் குறிப்பிடாவிட்டால் ஐந்தே வருடம் என்றும், இடத்தைக் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். பிளே ஸ்டோர் கணக்கும் சர்வர் கணக்கும் சங்கத்தின் பெயரில், சங்கத்தின் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த கடைக்காரர் ஒருவர் இதைக் கவனிக்காமல், செயலி செய்தவர் போன் எண்ணை மாற்றிய அன்று எல்லாவற்றையும் இழந்தார். குறைந்த விலைக்கு முடித்ததாக அதுவரை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

எல்லாம் முடிந்து, செயலி தயார் என்று செய்தவர் மடிக்கணினியைத் திறந்து காட்ட வருவார். அதை மூடச் சொல்லிவிட்டு, பழைய போனோடு அவரை நாகமறைக்குக் கூட்டிப்போக வேண்டும். பண்ணவாடிக்குப் படகேற்றி, கரைகள் இரண்டும் எட்டப் போய், திரையின் மேல்மூலையில் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறையும்போது, "இந்தத் தவணைக் கணக்கைக் கொஞ்சம் காட்டுங்க தம்பி" என்று கேட்க வேண்டும். காட்டினால் மீதிப் பணத்தை அங்கேயே யு.பி.ஐ.யில் போட்டுவிடலாம். சிக்னல் இல்லையே என்கிறீர்களா? சரி, அக்கரை போய்ச் சேர்ந்ததும்.